இல்லத் திரையரங்குகளும் மின்கலக் காப்பும்

காவிரி சிவசமுத்திரத்தில் வீழ்ந்து தரும் ஆற்றலைக் கொண்டு 1902-ஆம் ஆண்டில் கோலார் தங்கச் சுரங்கங்களுக்கு மின்சாரம் அனுப்பப்பட்டது. ஏறத்தாழ 147 கிலோமீட்டர் நீளமுடைய அம் மின்தொடர், அந்நாளில் உலகிலிருந்த மிக நீண்ட மின்தொடர்களின் வரிசையில் வைத்து எண்ணப்பட்டது. மூன்றாண்டுகளுக்குப் பின்னர், 1905-இல், அவ்வருவியின் மின்சாரமே பெங்களூர் நகரத் தெருக்களுக்கும் ஒளி தந்தது. மின்சாரத்துடன் இவ்வளவு நீண்ட பழக்கமுடைய நகரங்கள் இந்நாட்டில் மிகச் சிலவே. ஆயினும் இன்றைக்கு அந்நகரின் நடுத்தர வீடு ஒன்றினுள் நுழைவோர், மாடிப்படியின் கீழோ சமையலறையின் பின்கட்டிலோ ஓர் இன்வெர்ட்டரும் அதனடியில் ஒரு பேட்டரியும் வீற்றிருப்பதைக் காணாமல் வெளியே வருதல் அரிது. அம்மி ஆட்டுக்கல் இருந்த இடத்தை அது பிடித்துக்கொண்டுவிட்டது எனலாம்.

அண்மைக் காலத்தில் இப் பேட்டரியின்மீது ஒரு புதிய பொறுப்பும் ஏற்றப்பட்டிருக்கிறது. ஹோம் தியேட்டர் என வழங்கும் இல்லத் திரையரங்கை அமைத்துக்கொள்வோர் பெருகியுள்ளனர். சுவரை மறைக்கும் தொலைக்காட்சி அல்லது ப்ராஜெக்டர், ஒலியைப் பிரித்தளிக்கும் ஆம்ப்ளிஃபையர், ஐந்தோ ஏழோ ஒலிபெருக்கிகள், தாழ்ந்த ஒலிகளுக்கெனத் தனியே ஒரு சப்-வூஃபர், படங்களைச் சேமித்து வைக்கும் வன்தட்டு ஆகியவை சேர்ந்த இத்தொகுதி சில இலட்ச ரூபாயை எளிதில் விழுங்கிவிடும். அவ்வளவு பொருளைச் செலவிட்டவர் அதனைக் காக்க விரும்புதல் இயல்பே. கடையில் வழி கேட்பவருக்குக் கிடைக்கும் விடையோ பெரும்பாலும் ஒன்றுதான்: பெரிய இன்வெர்ட்டரும் இரண்டு பேட்டரிகளும் வாங்கிவிட்டால் பிறகு அச்சமே இல்லை. இவ்விடை பாதி உண்மை. அதுவும் முக்கியத்துவம் குறைந்த பாதி.

மின்சாரம் நின்றுபோதல் வேறு, கெட்டுப்போதல் வேறு. பேட்டரி முதலாவதற்கு மருந்து. இல்லத் திரையரங்கைப் பாழாக்குவதோ பெரும்பாலும் இரண்டாவதே. இவ்வேறுபாடு தெளிவுபடாத வரையில் மக்கள் தங்கள் பணத்தைத் தவறான இடத்தில் செலவிட்டுக்கொண்டே இருப்பர்.

மின்சாரம் திடீரென நின்றால் இத்தொகுதியில் எவ்வுறுப்புக்குத் தீங்கு நேரும்? தொலைக்காட்சிக்குப் பெரும்பாலும் ஒன்றும் நேராது. அது தன் உள்மென்பொருளைப் புதுப்பித்துக்கொண்டிருக்கும் சில நிமிடங்கள் மட்டும் விலக்கு. ஆம்ப்ளிஃபையருக்கும் ஒலிபெருக்கிக்கும் ஒரு சிறு சத்தத்துக்கு மேல் பாதிப்பில்லை. வன்தட்டின் நிலை வேறு. அது எழுதிக்கொண்டிருக்கும் தருணத்தில் மின்சாரம் அறுமாயின், எழுதப்பட்ட கோப்பு மட்டுமன்றி, கோப்புகளின் இருப்பிடத்தைக் குறித்து வைத்திருக்கும் அட்டவணையும் குலைந்துபோகக்கூடும். பாதரச விளக்கால் இயங்கும் பழைய வகை ப்ராஜெக்டரும் கவனத்துக்குரியது. அதன் சிறு குவார்ட்ஸ் குமிழினுள் ஏறத்தாழ 200 வளிமண்டல அழுத்தமும் அதற்கேற்ற கடும் வெப்பமும் நிலவுகின்றன. விளக்கை அணைத்த பின்னும் விசிறி சற்று நேரம் சுழன்று அவ்வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். மின்சாரமும் விசிறியும் ஒருங்கே நின்றுவிட்டால் வெப்பம் உள்ளேயே தங்கி விளக்கின் ஆயுளைக் குறைக்கிறது. லேசர் ஒளியால் இயங்கும் புதிய ப்ராஜெக்டர்களில் இக்குறை பெரிதும் நீங்கிவிட்டது. ஆக, மின்நிறுத்தத்தால் உண்மையாகவே இடர்ப்படுவன இரண்டொரு பொருள்களே. இவற்றைக் காக்க 100 வாட் முதல் 300 வாட் வரை கால் மணி நேரம் தரவல்ல ஒரு சிறிய யு.பி.எஸ். போதும். படத்தை நிறுத்தி, விளக்கை அணைத்து, விசிறி ஓய்வதற்குள் அதன் வேலை முடிந்துவிடும்.

இனிக் கெட்டுப்போன மின்சாரத்தைப் பார்க்கலாம். இங்கேதான் விஷயம் கனக்கிறது.

தெருவோரத்து மின்மாற்றியிலிருந்து மூன்று பேஸ் கம்பிகளும் ஒரு நியூட்ரல் கம்பியும் புறப்படுகின்றன. ஒவ்வொரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட். ஒரு பேஸுக்கும் மற்றொரு பேஸுக்கும் இடையே 400 வோல்ட். வீடுகள் மூன்று பேஸ்களிலும் பகிர்ந்து இணைக்கப்பட்டிருக்கின்றன. நியூட்ரல் கம்பி ஒழுங்காக இருக்கும்வரை ஒவ்வொரு வீடும் தனக்குரிய 230 வோல்ட்டைப் பெறுகிறது. மரக்கிளை விழுந்தோ, இணைப்பு துருவேறித் தளர்ந்தோ அந்நியூட்ரல் அறுந்துவிட்டால், எதிரெதிர் பேஸ்களில் உள்ள இரு வீடுகள் தம்மை அறியாமலே 400 வோல்ட்டின் குறுக்கே ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுக்கப்பட்டவை ஆகிவிடுகின்றன. ஒரு வீட்டில் 900 வாட் சுமையும் மற்றொன்றில் 100 வாட் சுமையும் இருப்பதாகக் கொள்வோமாயின், கணக்கு வியப்பைத் தரும். மிகுதியான சுமையுள்ள வீட்டுக்கு 40 வோல்ட். குறைந்த சுமையுள்ள வீட்டுக்கு 360 வோல்ட். அதாவது, வெந்நீர்க் கொதிகலனை ஓடவிட்டவர் வீட்டில் விளக்கு மங்குகிறது. தொலைக்காட்சியை மட்டும் வைத்துக்கொண்டு சிக்கனமாக அமர்ந்திருப்பவர் வீட்டில் தொலைக்காட்சி எரிகிறது. இயற்பியல் சிக்கனத்துக்குப் பரிசளிப்பதில்லை என்பதற்கு இதைவிடக் கொடிய எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம்.

எரிவது ஏன் என்பதும் தெளிவே. இக்கால மின்னணுச் சாதனங்கள் வரும் மாறுமின்சாரத்தை முதலில் நேர்மின்சாரமாக்கி, ஒரு மின்தேக்கியில் நிரப்பிக்கொள்கின்றன. 230 வோல்ட் மாறுமின்சாரத்தின் உச்சம் ஏறக்குறைய 325 வோல்ட். அதற்குத் தகுந்தவாறு அம்மின்தேக்கி 400 அல்லது 450 வோல்ட்டைத் தாங்குமாறு செய்யப்படுகிறது. 360 வோல்ட் வந்து புகுந்தால் அதன் உச்சம் 500 வோல்ட்டைத் தாண்டுகிறது. மின்தேக்கி உப்பி வெடிக்கிறது. அதனோடு மின்வழங்கிப் பகுதி முழுவதும் போய்விடுகிறது. இச்சாதனங்கள் 100 வோல்ட் முதல் 240 வோல்ட் வரை எதிலும் இயங்கும் எனப் பின்புறத்தில் அச்சிட்டிருப்பதைக் கண்டு ஆறுதல் கொள்வோர் உளர். அவ்வாறுதல் கீழ்நோக்கிச் செல்வதற்கு மட்டுமே உரியது. மின்னழுத்தம் தாழ்வதை அவை நன்கு பொறுக்கும். ஆகவேதான் பழைய காலத்து ஸ்டெபிலைசர் இன்றைய தொலைக்காட்சிக்குப் பெரும்பாலும் தேவையற்றதாகிவிட்டது. ஏறுவதைப் பொறுக்கும் ஆற்றல் அவற்றுக்கு மிகக் குறைவு.

ஸ்பைக் பஸ்டர் என்ற பெயரில் விற்கும் பல துளைப் பலகையை நம்புவோருக்கும் ஒரு சொல். அதனுள் இருப்பது உலோக ஆக்சைடாலான வேரிஸ்டர் என்னும் சிறு வில்லை. நுண்ணிய நேரத்தில் பாய்ந்து மறையும் மின்தாக்குதலைத் தன்மீது வாங்கிக்கொள்வதே அதன் தொழில். 360 வோல்ட் பல நிமிடங்கள் நீடித்தால் அவ்வில்லை தானே சூடேறி எரிந்துபோகிறது. ஒவ்வொரு தாக்குதலிலும் அது சிறிது தேய்கிறது என்பதும், தேய்ந்ததை வெளியிலிருந்து கண்டுகொள்ள இயலாது என்பதும் வாங்குவோருக்குச் சொல்லப்படுவதில்லை. யு.பி.எஸ். இவ்விடத்தில் உதவுமா? நல்லதாயின், மின்னழுத்தம் எல்லை கடந்ததும் வெளி மின்சாரத்தைத் துறந்து தன் பேட்டரிக்கு மாறிக்கொள்ளும். ஆயினும் 400 வோல்ட்டை நெருங்கும் மின்னழுத்தம் நீடிக்குமாயின் யு.பி.எஸ்ஸே முதற்பலியாகும் வாய்ப்பு உண்டு. மீட்டரை அடுத்துப் பொருத்தத்தக்க, மின்னழுத்தம் ஏறினாலும் தாழ்ந்தாலும் இணைப்பைத் துண்டித்துவிடும் காப்புக் கருவியே இதற்கு நேரான மருந்து. மின்சாரம் சீரான பின்பும் ஒரு சில நிமிடங்கள் பொறுத்தே அது மீண்டும் இணைக்குமாறு அமைத்துக்கொள்ளலாம். மின்சாரம் திரும்பும் நொடியில் தெருவிலுள்ள குளிர்பதனப் பெட்டிகளும் நீரேற்று மோட்டார்களும் ஒருசேர இழுப்பதால் உண்டாகும் தடுமாற்றத்தையும் அது கடந்துவிடும். இத்தகைய கருவி, பேட்டரிக்குச் செலவிடும் தொகையில் சிறு பங்குக்குக் கிடைக்கிறது. அதை எவரும் விளம்பரம் செய்யாததன் காரணமும் ஒருவேளை அதுவாகவே இருக்கலாம்.

மின்கலக் காப்பு வேண்டுவோர், வாங்குவது எவ்வகை என்பதை அறிந்திருத்தல் நலம். சாதாரண இன்வெர்ட்டர் மின்சாரம் நின்றதை உணர்ந்து, சுவிட்ச்சை மாற்றிப் பேட்டரியிலிருந்து மின்சாரம் வழங்கச் சற்று நேரம் எடுத்துக்கொள்கிறது. மாறுமின்சாரத்தின் ஒரு சுற்று 20 மில்லி விநாடி. நல்ல மின்வழங்கியுள்ள சாதனம் ஏறத்தாழ அவ்வளவு நேரம் தன் மின்தேக்கியின் சேமிப்பைக் கொண்டு மூச்சடக்கி நிற்கும். அதற்கு மேற்பட்டால் அணைந்து மீண்டும் தொடங்கும். ஆகவே வன்தட்டுக்கும் ப்ராஜெக்டருக்கும் மாறும் நேரம் அதற்குக் குறைந்த கருவியே தகும். வழங்கும் அலையின் வடிவமும் முக்கியம். விலை குறைந்தவை சதுர அலையையோ படிக்கட்டு போன்ற அலையையோ தருகின்றன. அவற்றால் மின்மாற்றியுள்ள பழைய ஆம்ப்ளிஃபையர்கள் உறுமுகின்றன; வெப்பமும் மிகுகிறது. தூய சைன் அலை தருவதையே கேட்டு வாங்குதல் வேண்டும். இருமுறை மாற்றம் செய்யும் ஆன்லைன் வகை யு.பி.எஸ்ஸில் மாறும் நேரம் என்பதே இல்லை. எனினும் அதன் விசிறி ஓயாது இரைந்துகொண்டிருக்கும். ஒலியின் நுட்பத்துக்காகச் சுவரெல்லாம் பஞ்சு பொதிந்த அறையில் அவ்விசிறியை வைத்துக்கொண்டு படம் பார்ப்பது வேடிக்கைதான்.

ஆம்ப்ளிஃபையரையும் சப்-வூஃபரையும் பேட்டரியில் இணைத்தே தீர வேண்டும் என்ற பிடிவாதத்துக்குத் தக்க காரணம் காணப்படவில்லை. படத்தில் ஒரு வெடிச்சத்தம் வருங்கால் அவை கணநேரத்துக்குப் பல நூறு வாட்டை இழுக்கின்றன. அதற்கு ஈடுகொடுக்கும் யு.பி.எஸ். வாங்குவது, ஆண்டுக்கு இருமுறை வரும் விருந்தினருக்காகத் தனி மாளிகை கட்டுவதை ஒக்கும். கணக்கும் இதையே காட்டுகிறது. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றின் பெயரளவு ஆற்றல் 1,800 வாட்-மணி. தொகுதி முழுவதும் 600 வாட் இழுப்பதாகக் கொண்டால், மூன்று மணி நேரம் ஓடும் என மனக்கணக்கு சொல்கிறது. உண்மையில், விரைந்து இறைக்கப்படும் ஈயப் பேட்டரி தன் முழு ஆற்றலைத் தருவதில்லை. இன்வெர்ட்டரிலும் ஒரு பங்கு வெப்பமாகக் கழிகிறது. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் எதிர்பார்க்கலாகாது. அதையும் அடிக்கடி அடிவரை இறைத்தால் பேட்டரியின் ஆயுள் சுருங்கும். மேலும், சுமையே இல்லாது சும்மா நிற்கும் இன்வெர்ட்டர் 20 வாட் வீணாக்குமாயின் ஓராண்டில் 175 யூனிட் கரைந்துபோகிறது. இச்செலவு எந்த விளம்பரத்திலும் இடம்பெறக் காணோம்.

பேட்டரியிலிருந்து இயக்கினால் இசை தூய்மையாகக் கேட்கும் எனச் சிலர் சாதிப்பர். ஆம்ப்ளிஃபையருக்குள் செல்லும் மின்சாரம் எவ்வழியாக வந்தாலும் அங்கே நேர்மின்சாரமாக்கி வடிகட்டப்பட்டே பயனாகிறது. ஒலிபெருக்கியில் கேட்கும் ஓங்கார ரீங்காரம் பெரும்பாலும் மின்சாரத்தின் அழுக்கன்று. ஆம்ப்ளிஃபையர் ஓரிடத்திலும், கேபிள் தொலைக்காட்சிக் கம்பியோ கூரைமேல் உள்ள டிஷ் ஆண்டெனாவோ வேறோரிடத்திலும் நிலத்தோடு தொடர்புறுவதால், அவற்றுக்கிடையே ஒரு வளையம் அமைந்து அதில் ஓடும் சிறு மின்னோட்டத்தின் விளைவே அது. இந்த ரீங்காரத்தைப் போக்க ஒரு குறுக்கு வழி பரவியிருக்கிறது. பிளக்கின் தடித்த மூன்றாம் காலை, அதாவது எர்த் முள்ளை, ஒடித்துவிடுவதே அது. ரீங்காரம் உடனே நிற்கும், உண்மை. கூடவே, சாதனத்தின் உள்ளே என்றேனும் ஒரு கம்பி நழுவி உலோகப் பெட்டியைத் தொட்டால், அப்பெட்டியைத் தொடும் குழந்தையின் உடலே எர்த் கம்பியாகிவிடும். எல்லாச் சாதனங்களையும் ஒரே சுவிட்ச் பலகையிலிருந்து இயக்குதல், ஆண்டெனாக் கம்பியில் ஒரு தனிமைப்படுத்தும் மின்மாற்றியை இடுதல் ஆகிய நேர்மையான வழிகள் இருக்கும்போது இவ்வழியைச் சொல்லிக்கொடுப்போரை அறிவுரைஞர் என அழைத்தல் தகாது. முப்பது மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டித்துவிடும் ஆர்.சி.சி.பி. வீட்டில் இருக்கிறதே என்பதும் முழு விடையன்று. பேட்டரியில் ஓடும் நேரத்தில் இன்வெர்ட்டரின் நியூட்ரல் நிலத்தோடு முறையாக இணைக்கப்பட்டிராவிடில் அக்கருவி தன் கடமையைச் செய்யாமற் போகக்கூடும்.

எர்த் இல்லாத வீட்டில் இடிமின்னலுக்கான காப்பும் இல்லை. ஏப்ரல், மே மாதங்களின் பிற்பகல்களில் பெங்களூரில் இடியுடன் கூடிய மாமழை வருவது ஆண்டுதோறும் காணும் நிகழ்ச்சி. நகருக்கு அழகு தரும் பெருமரங்கள் அந்நாட்களில் காற்றில் முறிந்து மின்கம்பிகளின் மேல் சாய்கின்றன. மின்னல் ஒன்றின் மின்னோட்டம் சாதாரணமாக 30,000 ஆம்பியர் அளவில் இருக்கும். அது வீட்டின்மீதே விழ வேண்டுமென்பதில்லை. அருகில் விழுந்தாலும் நீண்ட கம்பிகளில் பல ஆயிரம் வோல்ட்டைத் தூண்டிவிடுகிறது. மின்சாரக் கம்பி மட்டுமே வாயிலன்று. கேபிள் தொலைக்காட்சிக் கம்பி, டிஷ் ஆண்டெனாக் கம்பி, இணையத் தாமிரக் கம்பி ஆகிய அனைத்தும் வாயில்களே. முன்வாயிலில் யு.பி.எஸ். என்னும் காவலரை நிறுத்திவிட்டுப் பின்வாயிலைத் திறந்து வைத்திருக்கும் இல்லங்கள்தாம் மிகுதி. வீட்டுக்குள் நுழையும் இடத்தில் எல்லாக் கம்பிகளின் காப்புக் கருவிகளும் ஒரே எர்த்துடன் இணைக்கப்பட வேண்டும் என்பதே இதன் தத்துவம். ஒளியிழை வழியாக இணையம் பெறுவோருக்கு ஒரு வாயில் தானே அடைபடுகிறது. இடி முழங்கும்போது பிளக்கைப் பிடுங்கிவிடும் பாட்டிமார்களின் வழக்கத்தை இளைஞர் நகைப்பதுண்டு. அது இன்றளவும் மிக மலிவான, மிகத் திறமான காப்பு. இடி நெருங்கும் முன்னரே செய்ய வேண்டும் என்பதொன்றே நிபந்தனை.

பேட்டரியை எங்கே வைப்பது என்பதிலும் பிழைகள் நேர்கின்றன. இல்லத் திரையரங்கம் ஒலி வெளியேறாதவாறு காற்றும் புகாது அடைக்கப்பட்ட அறை. தண்ணீர் ஊற்றும் ஈயப் பேட்டரியோ மின்னேற்றும்போது ஹைட்ரஜன் வாயுவை வெளியிடுகிறது. காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு ஹைட்ரஜன் சேர்ந்தாலே தீப்பற்றும் நிலை உண்டாகும். கண்ணுக்கு அழகாக இருக்க வேண்டுமென்று பேட்டரியை அவ்வறையின் மர அலமாரிக்குள் ஒளித்து வைப்பது கேட்டை அழைப்பதாகும். காற்றோட்டமுள்ள இடத்தில் வைத்து, கம்பியை மட்டும் அறைக்குள் கொண்டுவருதலே முறை. வெப்பம் மிகுந்தால் ஈயப் பேட்டரியின் ஆயுள் விரைந்து குறையும். அவ்வகையில் கடல்மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேல் அமைந்த பெங்களூரின் தட்பம், சென்னையிலோ வேலூரிலோ கிட்டாத ஒரு சலுகை.

அரை மூட்டை அரிசியைவிடக் கனமான அப் பேட்டரியின் எடையில் பெரும்பகுதி ஈயம். சில ஆண்டுகளில் அது செயலற்றுப் போகும். ஆனால் நஞ்சு போகாது. ஒழுங்கற்ற உலைகளில் உருக்கப்படும் ஈயத்தின் புகையும் துகளும் அண்டையில் வாழும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத் தாக்குகின்றன. 2001-ஆம் ஆண்டின் விதிகளுக்கு மாற்றாக 2022-இல் மத்திய அரசு வெளியிட்ட பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழையதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை உற்பத்தியாளர்மீது சுமத்துகின்றன. பழைய பேட்டரியை எடைக்குப் போட்டுச் சில நூறு ரூபாய் கூடுதலாகப் பெறும் ஆசை அவ்விதியைக் குலைக்கிறது. ஒருவருடைய மாலைநேரப் பொழுதுபோக்கு தடைபடாதிருக்க மற்றொருவருடைய குழந்தை விலை கொடுக்கும் ஏற்பாடு எவ்வகையிலும் நியாயமாகாது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிகளில் ஈயம் இல்லை, ஆயுளும் மிகுதி, விலையும் இப்போதைக்கு மிகுதி. அவற்றின் கழிவும் மேற்படி விதிகளுக்கு உட்பட்டதே.

இன்னொருவர் உயிரும் இதில் அடங்கியிருக்கிறது. இன்வெர்ட்டரையோ சிறு ஜெனரேட்டரையோ முறையான மாற்றுச் சுவிட்ச் இன்றிச் சுவரிலுள்ள பிளக் துளை வழியாக வீட்டுக் கம்பிகளில் இணைத்துவிடும் வழக்கம் ஆங்காங்கே உண்டு. அம்மின்சாரம் வீட்டோடு நில்லாது தெருக்கம்பிக்கும் செல்லும். மின்மாற்றி எத்திசையிலும் வேலை செய்யும் இயல்புடையது. 11,000 வோல்ட்டை 400 வோல்ட்டாக்குவது, எதிர்த்திசையில் 400 வோல்ட்டை 11,000 வோல்ட்டாகவும் உயர்த்தும். சிறிய இன்வெர்ட்டர் தெரு முழுவதன் சுமையைத் தாங்காது நின்றுவிடும் என்ற சமாதானம் செல்லாது. கம்பி அறுந்து துண்டாகிக் கிடக்கையில் சுமையே இராது. மின்சாரம் இல்லையென நம்பிக் கம்பத்தில் ஏறும் லைன்மேன் அறியும் முன்பே எல்லாம் முடிந்துவிடும். கூரையில் சூரிய மின்தகடு பொருத்தியவர்கள், மின்நிறுத்தத்தின்போது தங்கள் தகடுகளும் நின்றுவிடுவதைக் கண்டு ஏமாற்றம் அடைவதும் இக்காரணம் பற்றியே. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தின் வாயிலாகத் தகடு பெற்றோர் பலர் இதனை முன்னர் அறிந்திலர். பேட்டரி இணையாத, மின்தொடரோடு மட்டும் இணைந்த சூரிய இன்வெர்ட்டர், வெளி மின்சாரம் அற்றதும் தானும் நின்றுவிடுமாறு விதிக்கப்பட்டிருக்கிறது. அது பழுதன்று, கம்பத்தின்மேல் இருப்பவருக்குச் செய்யும் மரியாதை.

இவ்வளவையும் வீட்டுக்காரர்மீதே சுமத்திவிட்டு அமைதல் முறையன்று. 2012 ஜூலை 30, 31 ஆகிய நாட்களில் வடநாடும் கீழ்நாடும் இருளில் மூழ்கியபோது, தனித்தியங்கிய தென்னாட்டு மின்தொடர் தப்பியது. 2013 டிசம்பர் 31-இல் ராய்ச்சூர்-சோலாப்பூர் தொடர் வழியாக அதுவும் நாட்டின் ஒரே தொடரோடு ஒத்தியங்கும்படி இணைந்தது. பெருந்தொடர் வலுப்பெற்றுள்ளது என்பதில் ஐயமில்லை. குறை நிற்பது அதன் வாலில்: தெருக்கோடி மின்மாற்றியிலும், அங்கிருந்து வீட்டுக்கு வரும் நான்கு கம்பிகளிலும். மின்தடைக்கென ஒவ்வொரு வீடும் தனித்தனியே பேட்டரி வாங்குவது, ஊர்க் கிணற்றைத் தூர்வாராமல் வீட்டுக்கு வீடு குடம் வாங்கி அடுக்குவதற்கு ஒப்பாகும். வாங்க வசதியற்றவர் இருளில் இருப்பர்; வாங்கியவர் முறையிடுவதை நிறுத்திவிடுவர்; முறையீடு இல்லாததால் கம்பி அப்படியே தொங்கும்.

பெங்களூருக்கு இதில் தனிக் கடமையும் உண்டு. 1960-இல் மத்திய அரசு நிறுவிய மத்திய மின்சக்தி ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் அந்நகரிலேயே இருக்கிறது. நாட்டின் மின்மாற்றிகளும் கம்பிகளும் மீட்டர்களும் அங்கே சோதிக்கப்பெறுகின்றன. 1911 முதல் மின்னியல் கற்பிக்கும் இந்திய விஞ்ஞானக் கழகமும் அங்கேயே. உலகத் தரமான சோதனைச்சாலையின் மதிற்சுவருக்கு வெளியே, தளர்ந்த நியூட்ரல் இணைப்பால் தொலைக்காட்சி எரிவது அறிவின் குறையன்று; பராமரிப்பின் குறை. 2020-ஆம் ஆண்டின் மின்நுகர்வோர் உரிமை விதிகள் இடையறாத மின்சாரத்தை நுகர்வோர் உரிமையாக ஒப்புக்கொள்கின்றன. குறித்த தரம் தவறினால் இழப்பீடு தாமாகவே வழங்கப்பட வேண்டும் என்றும் கூறுகின்றன. எரிந்துபோன சாதனத்துக்கு ஈடு கேட்பவர் எதிர்கொள்ளும் முதல் வினாவோ, மின்னழுத்தம் ஏறியது என்பதற்குச் சான்று எங்கே என்பதாகும்.

அச்சான்று இனி வீட்டு வாசலிலேயே இருக்கப்போகிறது. நாடெங்கும் பொருத்தப்பட்டுவரும் ஸ்மார்ட் மீட்டர்கள், ஐ.எஸ். 16444 என்னும் இந்தியத் தர நிர்ணயத்தின்படி, பயன்பட்ட யூனிட்டுகளை மட்டுமன்றி மின்னழுத்தத்தையும் குறித்து வைக்கின்றன. அது எல்லை மீறிய நிகழ்ச்சிகளை நாள், நேரத்துடன் பதிவு செய்கின்றன. இப்பதிவேடு இப்போது மின்வழங்கும் நிறுவனத்தின் கணிப்பொறியைச் சென்றடைகிறது. கட்டணத்தைக் கணக்கிட அதே மீட்டரின் எண்ணை ஏற்கும் நிறுவனம், இழப்பீட்டைக் கணக்கிட அதே மீட்டரின் வோல்ட்டை ஏற்க மறுப்பதற்கு நியாயம் இல்லை. மாதந்தோறும் வரும் கட்டணச் சீட்டில், அம்மாதம் மின்னழுத்தம் எத்தனை முறை, எவ்வளவு நேரம் எல்லை கடந்தது என்ற ஒரு வரி சேர்க்கப்பட வேண்டும். அதற்குப் புதிய கருவியோ புதிய ஆராய்ச்சியோ தேவையில்லை, மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் ஓர் உத்தரவு போதும்.